எழுபத்தெட்டு இல்லாத வார்டு

அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு 'அறுபது' என்று பெயர். வயதை வைத்து வந்த பெயர் இல்லை, வயது ஐம்பத்தேழுதான். நாடி பிடித்தால் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக அறுபது விநாடி எண்ண வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். மற்ற வார்டுகளில் பதினைந்து விநாடி எண்ணி, நாலால் பெருக்கி எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார்கள். அவர் பார்க்கும் ஆண்கள் வார்டில் மட்டும் அந்தப் பெருக்கல் செல்லாது. "மிச்சம் நாப்பத்தஞ்சு விநாடி அந்த மனுஷன் உயிரோட இருந்தார்னு உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டு, நெஞ்சில் தலைகீழாகக் குத்தியிருக்கும் சின்னக் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுவார் வார்டு இன்சார்ஜான அறுபது சிஸ்டர். மாட்டிக்கொண்டவள் ஒரு வாரத்துக்குத் தூக்கத்திலும் எண்ணிக்கொண்டிருப்பாள்.

இன்னொரு சட்டமும் உண்டு. பகலில் எந்த நோயாளியின் போர்வையும் நெஞ்சுக்கு மேல் ஏறக்கூடாது. குளிர்கிறது என்று காதுவரை இழுத்துக்கொண்டால் தானே வந்து இறக்கிவிட்டு, முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுப் போவார். வார்டு பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமாம் என்று நர்ஸுகள் பேசிக்கொண்டார்கள். நினைத்தால் நினைக்கட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடுகிறவர் என்று ஊர் சொன்னதில் பொய் இல்லை. சகோதரன் கண்ணில் இருக்கும் துரும்பைப் பார்க்கிறவன் தன் கண்ணில் இருக்கும் உத்திரத்தைப் பார்க்கிறதில்லை என்று வேதாகமத்தில் வரும் இடம் அவருக்கு மனப்பாடம். அதை இதுவரை அடுத்தவர்களுக்குச் சொல்லத்தான் பயன்படுத்தியிருக்கிறார். வீட்டிலும் அதே கண்தான். லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற கணவர், "முப்பது வருஷம் எத்தனையோ பேரை ஏத்தி இறக்கினேன், ஒருத்தர் குறை சொன்னதில்ல. இங்க ஒரு டம்ளரை எடுத்த இடத்துல வைக்கத் தெரியல எனக்கு" என்பார். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பது சும்மா இல்லை. நாத்தனார் வருவதை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. மகள் போனில் அப்பாவோடு அரை மணி பேசிவிட்டு, அம்மா நல்லா இருக்காங்கல்ல என்று கேட்டு வைத்துவிடுவாள்.

அப்படிப்பட்டவரிடம்தான் கண்ணாடி சிஸ்டர் மாட்டினாள். முப்பது வயது இருக்கும். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பதால் அந்தப் பெயர். வேலை தேடி வெளியூர் போன கணவன் அங்கேயே தங்கிவிட்டான். இரண்டு பிள்ளைகளுக்கும் அவள் வேலைதான் சோறு.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, ஆறாம் கட்டில் பெரியவரை எக்ஸ்ரே அறையிலிருந்து சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒன்றேமுக்காலுக்கு அவரை அனுப்பிய சீட்டில் கையெழுத்துப் போட்டது அறுபது சிஸ்டர். கால்மாட்டில் தொங்கிய சார்ட்டை எடுத்துப் பார்த்தால், இரண்டு மணி என்ற கட்டத்தில் காய்ச்சல் இல்லை, நாடி எண்பத்திரண்டு என்று அழகாக எழுதியிருந்தது. ஆளே இல்லாத கட்டிலுக்கு நாடி துடித்திருக்கிறது. மற்ற சார்ட்டுகளையும் புரட்டினார். எட்டுக் கட்டிலுக்கு ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதிய எண்கள்.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. அன்று மாலையே அறிக்கை எழுதி முடித்தார். மனசாட்சி இல்லாதவள், உயிரோடு விளையாடுகிறவள், இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லாதவள் என்று வரிக்கு வரி அடித்துத் துவைத்திருந்தார். எழுதும்போது பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. கோபம் என்று நினைத்துக்கொண்டார். பெரிய டாக்டர் அதைப் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை விசாரணை வைத்துக்கொள்ளலாம், இன்சார்ஜ் சொல்வதுதான் கடைசி வார்த்தை, அவர் வேண்டாம் என்றால் இந்தப் பெண்ணுக்கு வேலையும் போகும், நர்ஸ் பதிவும் போகும் என்றார். போகட்டும் என்றார் அறுபது சிஸ்டர்.

புதன்கிழமை துணி அறையில், சலவையிலிருந்து வந்த போர்வைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது கண்ணாடி சிஸ்டர் வந்து வாசலில் நின்றாள். காலில் விழுவாள், பிள்ளைகளைச் சொல்லி அழுவாள் என்று எதிர்பார்த்து, அதற்கான பதிலைக்கூட அறுபது சிஸ்டர் தயாராக வைத்திருந்தார். அவள் அழவில்லை.

"தப்புதான் சிஸ்டர். சாக்கு சொல்ல நிறைய இருக்கு. ஆள் பத்தல, காலையிலேயே ரெண்டு அட்மிஷன். ஆனா நிஜம் என்னன்னா, கால் வலிச்சுது, உட்கார்ந்தேன், உட்கார்ந்தபடியே எழுதிட்டேன். வெள்ளிக்கிழமையும் இதையேதான் சொல்லுவேன்."

சரி, போ என்றார் அறுபது சிஸ்டர், போர்வையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் போகவில்லை. "ஒண்ணு கேக்கலாமா? நாலு வருஷமா மாசக் கடைசியில எல்லா சார்ட்டையும் ரெஜிஸ்டர்ல ஏத்துறது நான்தான். உங்க கையெழுத்துல எழுபத்தாறு இருக்கு, எழுபத்தேழு இருக்கு, எண்பது இருக்கு. எழுபத்தெட்டு மட்டும் ஒரு இடத்துலகூட இல்ல."

போர்வைகளின் எண்ணிக்கை தவறியது.

"மிரட்டுறேன்னு நினைச்சிடாதீங்க. யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். நீங்க பார்க்காம எழுதுற ஆள் இல்ல. அதான் எனக்குப் புரியல."

அவர் போர்வைகளை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். அவள் பார்த்துவிட்டுப் போனாள். அறுபது சிஸ்டர் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டு போர்வைக் கட்டின்மேல் உட்கார்ந்தார். கட்டிய கணவருக்கே தெரியாத ஒன்றை, கிட்டத்தில் வைத்துப் படித்தால்தான் எழுத்துத் தெரியும் ஒருத்தி வெறும் எண்களை வைத்தே மோப்பம் பிடித்துவிட்டாள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், இதே வார்டில், பதினொன்றாம் கட்டிலில் ஒரு தச்சர் இருந்தார். நெஞ்சுவலியோடு வந்து, தேறி, மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். மூன்று நாளாக எந்த வேளை பார்த்தாலும் நாடி எழுபத்தெட்டு. அவர் மனைவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போக வைத்திருந்த வெள்ளைச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தச்சர் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு படுத்தார். தூங்குகிறார் என்று அந்த அம்மா சத்தமில்லாமல் தைத்தார். இரண்டு மணிக்கு நூல் தீர்ந்துபோனது. வாங்கிவர எழுந்து போனார்.

அதே இரண்டு மணிக்கு நர்ஸுகள் மேசைக்கு ஒருத்தியின் கல்யாண ஆல்பம் வந்திருந்தது. மாப்பிள்ளையின் மீசையைப் பற்றி என்னவோ சொல்லிச் சிரித்தபடி, உட்கார்ந்த இடத்திலேயே தன் பொறுப்பிலிருந்த பன்னிரண்டு சார்ட்டையும் நிரப்பினாள் இருபத்தேழு வயது நர்ஸ் ஒருத்தி. இன்றைய அறுபது சிஸ்டர்தான் அது. பதினொன்றுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? எழுபத்தெட்டு.

இரண்டரை மணிக்கு நூலோடு வந்த அம்மா கணவரை எழுப்பப் போர்வையை விலக்கினார். மரக்கட்டையில் சுற்றிய நூல்கண்டு கையிலிருந்து விழுந்து, அவிழ்ந்துகொண்டே கட்டில்களுக்கடியில் பதினாலாம் கட்டில்வரை உருண்டு போனது. நர்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்தாள். சில்லிட்டிருந்தது. தாடை இறுகத் தொடங்கியிருந்தது. உயிர் போய் ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்கும் என்று படித்த படிப்பு சொன்னது. அப்படியானால் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோதே அவர் போயிருக்கிறார்.

அவசரமாக வந்த டாக்டர் மார்பில் குழலை வைத்துப் பார்த்தார், சார்ட்டைப் பார்த்தார், இரண்டு மணிக்குப் பிறகு திடீர் மரணம் என்று எழுதிவிட்டுப் போனார். வேலையிடத்திலிருந்து ஓடிவந்த மகன், அம்மா எங்கே போயிருந்தாள் என்று கேட்டான். நூல் வாங்க என்று சொல்ல அந்த அம்மாவுக்கு நாக்கு எழவில்லை. யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் சொன்னாள்.

"ரெண்டு மணிக்கு நான் பார்த்தப்ப நல்லாத்தான் இருந்தாரு. நீங்க கொஞ்சம் பக்கத்துலயே இருந்திருக்கலாம்."

முதல் வாக்கியம் பயத்தில் வந்தது. இரண்டாவது எங்கிருந்து வந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. எல்லோரும் போன பிறகு, தரையில் நீண்டு கிடந்த நூலைக் கட்டில் கட்டிலாகக் குனிந்து சுற்றி எடுத்துக் குப்பையில் போட்டதும் அவர்தான். போட்டாரே தவிர, அது போகவில்லை. மதியம் வார்டு அடங்கும் வேளையில் கட்டில்களுக்கடியில் மரக்கண்டு உருளும் சத்தம் கேட்கும். வேறு யாரும் திரும்பிப் பார்க்காததால், அது தனக்கு மட்டும்தான் என்று தெரிந்துகொண்டார்.

அறுபது விநாடிச் சட்டமும் போர்வைச் சட்டமும் அங்கே பிறந்தவை. எழுபத்தெட்டும்தான். அந்த எண் வந்தால் பேனா ஓடாது. மறுபடி எண்ணுவார். மறுபடியும் அதுவே வந்தால் எழுபத்தாறு என்றோ எண்பது என்றோ எழுதிவிடுவார். இரண்டு துடிப்பில் யார் செத்துவிடப் போகிறார்கள்? அதைப் பொய் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. போர்வைக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. கண்ணாடி சிஸ்டர் ஒரு மதியம் எழுதியதை இவர் முப்பது வருஷமாக எழுதியிருக்கிறார், அதுவும் அறுபது விநாடி எண்ணிவிட்டு.

அன்று சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த கணவரிடம், நான் யாரையாவது ரொம்ப நோகடிச்சிருக்கேனா என்று கேட்டார்.

"பட்டியலா சொல்லவா, சுருக்கமா சொல்லவா?" என்றார் கணவர். சொல்லிவிட்டு நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தவர், கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டார். அன்று டம்ளர் இருந்த இடத்தைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு எழவில்லை.

அது திருச்சபை நடத்தும் ஆஸ்பத்திரி. காலை டியூட்டி தொடங்குமுன் வார்டில் ஐந்து நிமிட ஜெபம் உண்டு. வாசிக்க வேண்டிய பகுதி முன்கூட்டியே அட்டவணையில் இருக்கும். வியாழக்கிழமை வாசிக்கும் முறை அறுபது சிஸ்டருடையது. பக்கத்தைத் திறந்தார். பாவத்தில் கையும் களவுமாகப் பிடிபட்ட ஒருத்தியை இழுத்துவந்து நடுவில் நிறுத்தி, கல்லெறிந்து கொல்லலாமா என்று கேட்கிற இடம். இயேசு பதில் சொல்லாமல் குனிந்து விரலால் தரையில் எழுதிக்கொண்டிருக்கிறார். எத்தனையோ முறை வாசித்த பகுதிதான். என்ன எழுதினார் என்று வேதம் சொல்லவில்லை. அதைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். அன்று காலை வார்டுத் தரையின் கட்டம் கட்டமான ஓடுகளைப் பார்த்தபோது, அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அறுபது சிஸ்டருக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு இலக்கம்.

பாவமில்லாதவன் முதல் கல்லைப் போடட்டும் என்ற இடத்தைத் தாண்டினார். கேட்டவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள், வயதில் மூத்தவர்கள் முதலில் என்று வந்தது. அங்கே குரல் நின்றுவிட்டது. நின்றிருந்தவர்களில் மூத்தவர் அவர்தான். வரிசையின் கடைசியில் கண்ணாடி சிஸ்டர் தலைகுனிந்து நின்றாள். மீதியை வேறொருத்தி வாசித்து முடித்தாள்.

மதியம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். தச்சர் வீட்டு விலாசம் மறக்கக்கூடியதா? சாவுச் சான்றிதழுக்காக அவர் கைப்படவே எழுதிக்கொடுத்தது. அந்தத் தெரு வழியாகப் போகும் பஸ்ஸில் அவர் இத்தனை வருஷம் ஏறியதில்லை. முன்னறையிலேயே பட்டறை, ஐம்பது வயது மனிதர் ஒருவர் ஜன்னல் சட்டத்துக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். அன்று ஓடிவந்த மகன். தலைமுடியெல்லாம் மரச்சுருள். அப்பா இறந்தபோது வார்டில் இருந்த நர்ஸ் என்று சொன்னதும் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார் அறுபது சிஸ்டர். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது என்று மகன் சுவரைக் காட்டினார். படத்தில் அந்த அம்மா யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்பது போலவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா போனதுக்கப்புறம் அவங்க ஊசியே தொடல" என்றார் மகன், அவராகவே. "என் சட்டைக்குப் பட்டன் போனாலும் நானேதான் தச்சுக்குவேன். அப்பாவைத் தனியா சாகவிட்டவங்கன்னு எனக்கு ஒரு கோபம். ஒரே வீட்டுலதான் இருந்தோம், வேணும்னா ரெண்டு வார்த்தை பேசுவேன். கடைசில கையைப் பிடிச்சுக்கோடான்னு கேட்டாங்க. பிடிச்சேன். மனசோட பிடிக்கல."

அதற்குமேல் அவரைப் பேசவிட்டால் தனக்குத் துணிச்சல் இருக்காது என்று அறுபது சிஸ்டர் குறுக்கிட்டுச் சொல்லிவிட்டார். ஆல்பம், எழுபத்தெட்டு, சில்லிட்ட கை, இறுகிய தாடை, எதையும் விடவில்லை. உங்கள் அப்பா தனியாகச் சாகவில்லை, அம்மா பக்கத்தில்தான் இருந்தார், அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்றார்.

மகன் இழைப்புளியைக் கவிழ்த்து வைத்தார். அதில் சிக்கியிருந்த மரச்சுருளை விரலால் நோண்டி எடுத்தார்.

"ஒரு ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார்.

மன்னிப்பு கேட்க அறுபது சிஸ்டர் வாயெடுத்தார். வரவில்லை. எழுந்து நின்றார். வாசல்வரை வந்த மகன், யார் வீட்டிலும் யாரும் சொல்வது போல் போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. "போங்க" என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை விசாரணை பெரிய டாக்டர் அறையில் நடந்தது. கண்ணாடி சிஸ்டர் சொன்னபடியே, கால் வலித்தது, உட்கார்ந்தேன், எழுதினேன் என்று மூன்றே வாக்கியத்தில் முடித்தாள். டாக்டர் அறுபது சிஸ்டர் பக்கம் திரும்பினார். அவர் தன் அறிக்கையை எடுத்து, வரிக்கு வரி போட்டிருந்த வசவுகளையெல்லாம் பேனாவால் அடித்தார். மிஞ்சியது நாலு வரி.

"இவ எழுதினது பொய். அதுல மாத்தமில்ல" என்றார். "ஆனா இதை மொதல்ல செஞ்சது நான் டாக்டர். இன்னும் செஞ்சுக்கிட்டிருக்கேன். என் பேரை மேல எழுதிட்டு, இவ பேரைக் கீழ எழுதுங்க."

பிறகு முழுக்கதையும் சொன்னார். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முப்பது வருஷத்துக்கு முந்தையதை இப்போது ஏன் கிளற வேண்டும், ஓய்வுபெற எட்டு மாதம்தானே இருக்கிறது என்று தணிவாகக் கேட்டுப் பார்த்தார். எழுதுங்கள் என்று திரும்பவும் சொன்னார் அறுபது சிஸ்டர். கடைசியில் கண்ணாடி சிஸ்டரைக் கடும் எச்சரிக்கையோடு வேலையில் விட்டார்கள். அறுபது சிஸ்டரின் இன்சார்ஜ் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். மேலிடத்தின் பதில் வரும்வரை அதே வார்டில் சாதாரண நர்ஸ்.

நடைவழியில் கண்ணாடி சிஸ்டர் பின்னாலேயே ஓடிவந்து நன்றி சொல்லப் பார்த்தாள்.

"நன்றியெல்லாம் வேண்டாம். நீ செஞ்சது தப்புதான்" என்றார் அறுபது சிஸ்டர். குரலில் பழைய சூடு இல்லை. "அந்த எண்ணை நாம எழுதிட்டுப் போயிடறோம். அதை ஒருத்தர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க." பட்டறையில் கேட்டதை அவளிடம் சொன்னார், பிடித்தும் பிடிக்காத அந்தக் கைவரை. கண்ணாடி சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அறுபது சிஸ்டர் சார்ட்டோடு பதினொன்றாம் கட்டிலுக்கு வந்தார். இப்போது அங்கே சுவருக்கு வர்ணம் அடிக்கும் ஒருவர் படுத்திருந்தார். கையைப் பிடித்து, கடிகாரத்தைத் தூக்கி, அறுபது விநாடி எண்ணினார். எழுபத்தெட்டு. பழக்கம் விடவில்லை, இன்னொரு முறை எண்ணினார். எழுபத்தெட்டு. எதிர்க் கட்டிலில் நின்ற கண்ணாடி சிஸ்டர் தன் எண்ணிக்கையை விட்டுவிட்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா கட்டத்தின் மேல் நின்றது, நின்றது, பிறகு எழுதியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினது போல் எண்கள் கோணிக்கொண்டன.

வர்ணக்காரர் பயந்துவிட்டார். "என்ன சிஸ்டர், ரெண்டு தடவை எண்ணுறீங்க. ஏதாவது கோளாறா?"

"இல்லப்பா. நல்லாத்தான் இருக்கு."

சொன்ன பிறகுதான் அது எந்த வாக்கியம் என்று அவர் காதில் விழுந்தது. கட்டில்களுக்கடியில் மரக்கண்டு உருளத் தொடங்கியது. அவர் கையை விடாமலேயே, காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ தூங்கு. நான் கொஞ்சம் பக்கத்துலயே இருக்கேன்."